வீட்டில் பேசினால் மட்டும் தமிழ் படிக்க வந்துவிடாது

"வீட்டில் தமிழ்தானே பேசுகிறோம், எழுதப் படிக்க அது தானாக வந்துவிடும்." ஆங்கில வழியில் பிள்ளையைச் சேர்த்த சென்னைப் பெற்றோர் பலர் நம்புவது இதைத்தான். வராது. ஆங்கிலக் கதைப் புத்தகத்தைக் கடகடவென்று படிக்கும் நாலாம் வகுப்புப் பிள்ளை, தமிழ்ப் பாடம் என்றதும் எழுத்துக் கூட்டித் தடுமாறுவதை இந்த ஊரில் எங்கும் பார்க்கலாம். குறை பிள்ளையிடம் இல்லை. பேச்சுத் தமிழ் வேறு, ஏட்டுத் தமிழ் வேறு. அந்த இரண்டாவதை யாரும் பிள்ளைக்குப் பழக்கவில்லை.

தமிழ் இரட்டை வழக்கு மொழி. "வந்துச்சு" என்று பேசி "வந்தது" என்று எழுதுகிறோம். எல்.கே.ஜி. சேரும் குழந்தை பெயருக்கு இரண்டு மொழி படித்தாலும், உண்மையில் பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ், ஆங்கிலம் என்று மூன்றைச் சமாளிக்கிறது. அதனால் வீட்டில் முதல் வேலை எழுத்துக் கற்றுக்கொடுப்பது அல்ல, எழுத்துத் தமிழைக் காதில் போட்டுவைப்பது. 3 வயதிலிருந்து தினம் 10 நிமிடம் கதை படித்துக் காட்டுங்கள். "நரி காட்டுக்குள் சென்றது" என்று அச்சில் இருந்தால் அப்படியே படியுங்கள். குழந்தைக்குப் புரிய வேண்டுமே என்று பலரும் "நரி காட்டுக்குள்ள போச்சாம்" என்று மாற்றிவிடுகிறார்கள். முதலில் அச்சில் உள்ளபடி படித்துவிட்டு, பிறகு பேச்சில் விளக்கினால் போதும். சென்னையிலேயே இயங்கும் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படப் புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாகப் பிரித்த தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

5 வயதில் எழுத்து. 247 என்ற எண்ணைக் கேட்டதும் மலைப்பு வருகிறது, அதற்கு அவசியமே இல்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, துணைக்குறிகள் கொஞ்சம். இவை பிடிபட்டால் மீதியைப் பிள்ளையே கட்டிக்கொள்ளும். அ முதல் ஔ வரை மனப்பாடம் செய்துவிட்டு மெய்யெழுத்துக்குப் போகிற வழியில் மாதக்கணக்கில் ஒரு சொல்கூடப் படிக்க முடியாது. ட, ப, ம என்ற எளிய மூன்று வடிவங்களில் தொடங்குங்கள். கூடவே புள்ளியையும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். புள்ளியைத் தள்ளிப்போட்டால் "பட்டம்" என்பதை ப-ட-ட-ம என்று படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், அதை விடுவிப்பது கஷ்டம்.

உண்மையான சிக்கல் உகர, ஊகார வரிசைகளில்தான் இருக்கிறது. மற்ற குறிகள் பெரும்பாலும் எல்லா எழுத்துக்கும் ஒன்றுபோல வரும். இவை மட்டும் மெய்க்கு மெய் மாறும். வழக்கில் இல்லாத ஙு, ஙூ, ஞு, ஞூ நான்கையும் தள்ளிவிட்டால் 32 வடிவங்கள். வாய்பாட்டு வரிசையில் சொல்லித்தராமல் இனம் பிரித்துத் தாருங்கள்: கீழே கோடு இறங்கும் சு, பு, யு, வு ஒரு கூட்டம், கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், ணு, து, நு, லு, று, னு இன்னொரு கூட்டம். வாரம் ஒரு கூட்டம் போதும். அடுத்த தடுமாற்றம் கெ, கே, கை. குறி இடப்பக்கம் நிற்பதால் பிள்ளை அதைத் தனி எழுத்தாக எண்ணிக்கொள்ளும். குறியையும் எழுத்தையும் ஒரே அட்டையில் ஒன்றாக எழுதிக் காட்டுங்கள், பிரித்துக் காட்டாதீர்கள். "கௌ" பார்ப்பதற்கு "கெள" போலவே இருப்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

தாத்தா பாட்டி வீட்டுப் பழைய புத்தகங்களைக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முந்தைய அச்சில் பிள்ளை நின்றுவிட்டால் அது படிக்கத் தெரியாமல் அல்ல.

ஒரே எழுத்துக்குப் பல ஒலி வருவதை விளக்க மின்சார ரயில் நிலையப் பெயர்ப் பலகையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. கோடம்பாக்கம் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லின் முதலில் வரும் "கோ" வலுத்து ஒலிக்கிறது. இரண்டு உயிரொலிக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் "ட" மெலிகிறது: டமாரத்தின் ட, டீயின் ட அல்ல. மெல்லினத்தை அடுத்து வருவதால் "ம்பா"வில் இருப்பது பஸ்ஸின் ப, பல்லின் ப அல்ல. இரட்டித்த "க்க" மறுபடியும் வலுக்கிறது. மொத்த விதியும் ஒரே பலகையில் அடங்கிவிட்டது. நுங்கம்பாக்கத்திலும் சைதாப்பேட்டையிலும் பிள்ளையையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிண்டி வந்ததும் முதலெழுத்தே மெலிந்து ஒலிப்பதைப் பார்த்து "விதி தப்புகிறதே" என்று கேட்டால், விதி நன்றாகவே பதிந்துவிட்டது.

இதே இடத்தில்தான் ஆங்கிலத்தில் தடுக்கும். குண்டூசிப் பின்னும் குப்பை போடும் பின்னும் தமிழில் எழுத ஒரே எழுத்து, ஆங்கிலத்தில் வேறு வேறு. தமிழ் எழுத்தை முதலில் படித்த பிள்ளை கொஞ்ச காலம் இவற்றை மாற்றி எழுதும். காதுக்கு வித்தியாசம் தெரியும், ஏனென்றால் பேச்சில் பஸ்ஸும் பல்லும் இரண்டுமே இருக்கின்றன. ஆகவே திட்ட வேண்டாம். இப்படிப்பட்ட இணைச் சொற்கள் தினம் ஐந்தைச் சொல்லி எழுதவைத்தால் சரியாகிவிடும். ஆங்கிலத்தில் 26 எழுத்துக்கு ஏறக்குறைய 44 ஒலிகள். எழுத்தின் பெயரை மட்டும் ஒப்பிப்பதில் பயனில்லை, ஒலியோடு சேர்த்துத்தான் தர வேண்டும். ஆங்கிலத்துக்கு நாலு கோடு நோட்டு, தமிழுக்கு ரெட்டைக் கோடு நோட்டு; ஒரே உட்காரலில் இரண்டையும் கலக்காதீர்கள்.

நான் ஒரேயடியாக எதிர்ப்பது ஒன்று உண்டு. தமிழ்ப் பரீட்சைக்கு விடைகளை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைப்பது. அந்த எழுத்தில் ல, ள, ழ தெரியாது, ண, ன, ந தெரியாது, குறில் நெடில் தெரியாது. பரீட்சை முடிந்ததும் எல்லாம் கரைந்துவிடும். 2006-இன் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. பத்தாம் வகுப்பில் இந்தக் குறுக்குவழி காலை வாரிவிடும். அதற்குப் பதில் வாரம் இருமுறை பத்துச் சொல் சொல்வதெழுதுதல் வையுங்கள். ன, ண, ந குழப்பத்துக்குப் பழைய திண்ணைப் பள்ளிப் பெயர்களே மருந்து: டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன், த-வுக்கு முன் ந்: வண்டி, கன்று, பந்து. ல, ள, ழ-வுக்கு இப்படி எளிய வழி கிடையாது, படித்துப் படித்துக் கண்ணில் பதிய வேண்டியதுதான்.

இவ்வளவு பாடு எதற்கு? படிக்கும் திறன் ஒரு மொழியில் வேரூன்றினால் மற்ற மொழிக்கும் தாவும். பொருளை ஊகிப்பது, காரணம் தேடுவது, சுருக்கிச் சொல்வது எல்லாம் புரியும் மொழியில்தான் முதலில் முளைக்கும். டொரண்டோவில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ் 1979-இல் பேச்சுச் சரளத்தையும் பாடம் படிக்கத் தேவையான மொழித்திறனையும் பிரித்துக் காட்டினார். புது மொழியில் முதலாவது சுமார் 2 ஆண்டில் வரும், இரண்டாவதுக்கு 5 முதல் 7 ஆண்டு ஆகும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த கட்டடத் தொழிலாளியின் பிள்ளை தெருவில் சரளமாகத் தமிழ் பேசியும் பாடத்தில் தேங்குவதற்கு இதுதான் காரணம். ஆங்கிலம் "நன்றாகப் பேசும்" நம் பிள்ளை அறிவியல் வினாவில் தேங்குவதற்கும் இதேதான். வீட்டில் தெலுங்கோ உருதோ சௌராஷ்டிரமோ பேசுகிறவர்கள் அதை நிறுத்த வேண்டாம் என்பதும் இதனால்தான். இரண்டு மொழி படித்தால் மூளை கூர்மையாகும் என்ற விளம்பரத்தை நம்பி மட்டும் இதில் இறங்காதீர்கள், ஆய்வாளர்களிடையே அதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

அறிவியல் பாடத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் இணையத்தில் இலவசம். சி.பி.எஸ்.இ. பிள்ளைக்கும் ஒளிச்சேர்க்கை ஒளிச்சேர்க்கைதான். தமிழில் இரண்டு பக்கம் படித்து, ஆங்கிலப் பாடத்தைப் படித்து, பிறகு புத்தகத்தை மூடிவிட்டுப் பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் இழுக்கிறதோ அங்கே புரியவில்லை என்று அர்த்தம்.

இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதமாகாது. சொற்களை இரு மொழியிலும் சேர்த்து எண்ண வேண்டும். 2 வயதில் மொத்தமாக 50 சொல்லுக்குக் குறைவாக இருந்து, இரண்டு சொல்லைச் சேர்த்தும் பேசவில்லை என்றால், மொழியைக் குறைக்காமல் முதலில் செவித்திறனைப் பரிசோதியுங்கள்.

மூன்றாவதாக இந்தி சேர்க்க விரும்புவோர் தி.நகரில் உள்ள இந்திப் பிரச்சார சபாவின் பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா தேர்வுகளுக்குப் பிள்ளையை அனுப்புகிறார்கள். தாராளமாக அனுப்பலாம், ஆனால் அவசரம் வேண்டாம். முன்பின் பார்க்காத தமிழ்க் கதை ஒன்றில் ஒரு பக்கம், ஐந்து இடத்துக்கு மேல் தடுக்காமல் படித்து, தன் சொல்லில் திருப்பிச் சொல்கிறதா என்று பாருங்கள். அதுவரை இந்தியைப் பேச்சோடு வைத்துக்கொள்ளுங்கள், எழுத்துக்குப் போகாதீர்கள்.