பாங்காக்கில் பிரம்மாவுக்குத்தான் கூட்டம்

நம்ம ஊரில் பிரம்மாவுக்குச் சந்நிதி என்றால் திருப்பட்டூர், கும்பகோணம் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பாங்காக்கில் அவருக்கு இருக்கும் மவுசே வேறு. ப்ரா ப்ரோம் என்கிறார்கள். ராட்சப்ரசோங் நாற்சந்தியில், தலைக்கு மேல் ரயில் ஓட, சுற்றிலும் ஷாப்பிங் மால்கள் நிற்க, ஒரு ஹோட்டலின் மூலையில் தகதகவென்று உட்கார்ந்திருக்கிறார். கோபுரமும் இல்லை, பிரகாரமும் இல்லை.

அந்த ஹோட்டலுக்காக வந்தவர்தான். 1950-களில் எராவன் ஹோட்டலைக் கட்டியபோது ஒன்று மாற்றி ஒன்று தடங்கல், இத்தாலியிலிருந்து மார்பிள் ஏற்றி வந்த கப்பலே காணாமல் போனது என்பார்கள். அப்புறம் ஜோதிடர் சொன்ன பரிகாரப்படி 1956 நவம்பர் 9 அன்று பிரம்மாவைப் பிரதிஷ்டை செய்தார்கள். எராவன் நம் ஐராவதம்தான், அதனாலோ என்னவோ காணிக்கையாக வைத்த மர யானைகள் வரிசை கட்டி நிற்கின்றன.

கும்பிடும் முறை எளிது. முன்முகத்தில் தொடங்கி வலமாக வர வேண்டும், ஒவ்வொரு முகத்துக்கும் ஊதுபத்தி, துலுக்கச்சாமந்தி மாலை. மைத்திரி (அன்பு), கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது), உபேட்சை (சமநிலை) என்று பௌத்தம் சொல்லும் நான்கு குணங்கள்தான் அந்த நான்கு முகங்களாம். வேதத்துக்கு ஒரு முகம் என்று கேட்டு வளர்ந்த எனக்கு இதுவும் பிடித்துத்தான் இருந்தது.

பக்கத்து மண்டபத்தில் நாட்டியம். வேண்டுதல் பலித்தவர்கள் பணம் கட்டி ஆட வைக்கிறார்கள், இரண்டு பேரா எட்டுப் பேரா என்பது அவரவர் வசதி. கூரான கிரீடம் வைத்த பெண்கள் விரலை வளைத்து ஆட, பணம் கட்டிய அம்மா எதிரே மண்டியிட்டுக் கை கூப்பியிருந்தார். சீட்டில் எழுதிக் கொடுத்த பெயரையும் பாட்டோடு சேர்த்துப் பாடிவிடுகிறார்கள், நம்ம ஊர் அர்ச்சனை மாதிரியே.

2006-இல் ஒருவர் சிலையை உடைத்தார், இரண்டே மாதத்தில் சரிசெய்து வைத்துவிட்டார்கள். 2015 ஆகஸ்டில் இங்கே குண்டு வெடித்து 20 பேர் இறந்தார்கள், இரண்டு நாளில் மறுபடி திறந்து பூஜை நடந்தது.

போகிறவர்கள் சிட் லோம் ஸ்டேஷனில் இறங்குங்கள். வழியில் மாலையைக் கையில் திணிப்பவர்களிடம் வாங்காமல் உள்ளேயே வாங்குங்கள், விலை கட்டுப்படியாகும். நேரம் இருந்தால் எதிர்ப்புறம் கேசோர்ன் மாலின் நான்காவது மாடிக்கு ஏறுங்கள், அங்கே மகாலட்சுமி இருக்கிறாள், கூட்டமும் குறைவு.