காக்கியோடு தண்ணீரில்

பொலிஸ்காரருக்கு நீச்சல் பழக்குவது அவ்வளவு கஷ்டமில்லை. பிடிக்காதே என்று பழக்குவதுதான் கஷ்டம். ஓடு, நெருங்கு, பிடி, விடாதே: தரையில் அவர்களுக்கு ஊறிப்போனது இது. தண்ணீரில் தத்தளிக்கிற ஆளிடம் இதே வரிசையில் போனால் ஒருவருக்குப் பதில் இரண்டு பேர் தாழ்வார்கள்.

வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியே வயது போனவன் நான். பொலிஸில் இருக்கிற பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டதால், கொஞ்சக் காலமாக உயிர்காப்புப் பயிற்சிக்கு வரும் உத்தியோகத்தர்களோடும் நிற்கிறேன். தலைமைப் பயிற்றுநர் சிங்களவர். மட்டக்களப்பு, வவுனியா, ஹற்றன் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று விளங்கப்படுத்துவது என் வேலை. கல்கிசைக் கரையில் நிற்கிற பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினரை நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கடல் அன்றாட வேலை. எங்களிடம் வருவது ரோந்துக்கும் திருவிழாக் கடமைக்கும் போகிற சாதாரண கான்ஸ்டபிள்கள். 119க்கு அடித்தால் முதலில் வந்து இறங்குவது பெரும்பாலும் இவர்கள்தான், சப்பாத்தும் பெல்ட்டுமாக.

முதலில் பழைய காக்கியோடு தடாகத்தில் இறக்குவோம். சேட்டுக்குள் காற்றுப் புகுந்து முதுகில் பொம்மிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரம் மிதக்கிற மாதிரித்தான் இருக்கும். பிறகு துணி நனைந்து, கையை வீசி நீந்தவே முடியாமல் இழுக்கும். சப்பாத்தைக் கழற்றச் சொன்னால் நனைந்த முடிச்சு அவிழாது. தடாகத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் முடிச்சோடு மல்லுக்கட்டுகிற அந்த நேரத்தில்தான், கரையிலேயே கழற்றி எறிந்துவிட்டு வந்திருக்கலாம் என்பது அவர்களுக்கே விளங்கும். நான் வாயே திறப்பதில்லை.

நீந்தவே தெரியாத ஹற்றன் பிள்ளையால் எனக்குத் தலையிடி இல்லை. தலையிடி தருவது நன்றாக நீந்துகிறவன். போன குழுவில் ஒருவன், மட்டக்களப்பு வாவியில் வளர்ந்தவன். அவனுடைய வேகத்துக்குத் தலைமைப் பயிற்றுநரே ஈடுகொடுக்க மாட்டார். தாழ்கிற ஆளாக நடிக்க, கனத்த உடம்புள்ள ஒரு சார்ஜன்ட்டை ஆழப் பக்கத்தில் விட்டோம். இவன் அம்பு மாதிரிப் போய், நேரே முகத்துக்கு முன்னால் நின்று மணிக்கட்டைப் பிடித்தான். சார்ஜன்ட் அவன் தோளில் ஏறிவிட்டார். இவன் அவரைத் தள்ளப் பார்க்கிறான், அவர் இன்னும் இறுக்குகிறார். மேலே வந்த ஒரு கணத்தில், "மாஸ்டர், சேர் உண்மையாவே அமத்துறார்!" என்று கத்தினானே தவிர, கையை விடவில்லை.

இதற்கு மருந்து ஒன்றுதான்: கீழே போவது. மூச்சை இழுத்து, நாடியை நெஞ்சோடு ஒட்டி, அவரையும் சுமந்துகொண்டு தாழ வேண்டும். தாழ்கிறவருக்கு வேண்டியது காற்று. நீங்கள் கீழே போகிறீர்கள் என்று தெரிந்ததும் பிடியைத் தானாகவே விட்டுவிடுவார். சொல்லக் கேட்டால் லேசாக இருக்கும். ஆனால் ஒருவர் கழுத்தைக் கட்டிப் பிடித்திருக்கும்போது தலையைத் தண்ணீருக்குள் கொடுப்பதற்கு உடம்பு சம்மதிக்காது. திரும்பத் திரும்பச் செய்வித்துத்தான் அதைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அப்புறம்தான் ஒழுங்கான முறைக்கு வருவோம்: பின்பக்கத்தால் போவது, இடையில் மிதவையை நீட்டுவது, அவர் அதைப் பிடித்த பிறகு இழுப்பது. அவருடைய கை உங்கள் உடம்பில் படவே கூடாது.

வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றியும் சொல்வேன். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பியவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் போனது. நன்றாக நீந்துகிறவன் கொஞ்சம் அடங்கிப்போய்க் கேட்பான்.

உண்மையில் நீந்திப் போவது பட்டியலில் கடைசி. முதலில் குரல். பிறகு நீட்டக்கூடிய ஏதாவது: பொல்லு, கம்பு, கட்டிய சாரம். பிறகு எறிவது. பிறகு இடுப்பளவு வரைக்கும் நடந்து போவது, வள்ளம் இருந்தால் வள்ளம். இவ்வளவும் சரிவராவிட்டால்தான் நீச்சல். பொலிஸ்காரருக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு, அதை அவர்களே யோசிப்பதில்லை. அவர்களுடைய குரலுக்கு ஆட்கள் பழகியிருக்கிறார்கள். "அண்ணா, மல்லாக்கப் படுங்க! காலை அடியுங்க!" என்று காக்கிச்சட்டை போட்ட ஒருவர் கத்தினால் கேட்கிறார்கள். நான் கத்தினால் யாரோ கிழவன் கத்துகிறான் என்று விட்டுவிடுவார்கள்.

எறிவதற்கு உயிர்காப்பு வளையம் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கான் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கைப்பிடியில் கயிற்றைக் கட்டுங்கள். கானுக்குள் ஒரு கோப்பையளவு தண்ணீர் விட்டு மூடியை இறுக்குங்கள். வெறுங்கானை எறிந்தால் கடற்காற்று அதை உங்கள் காலடிக்கே கொண்டுவந்து தரும். கயிற்றின் மற்ற நுனியைக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். இதை மறந்து, கானோடு கயிறும் சேர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. கீழ்க்கையால் வீசி, ஆளைத் தாண்டி விழச்செய்து, பிறகு அவருடைய கைக்குள் வரும்படி இழுக்க வேண்டும். குறி பார்த்துத் தலையில் போடுகிற வேலை இல்லை இது.

வெள்ளவத்தைக் கரைக்கு இதுதான் பொருந்தும். ஒரு பக்கம் ரயில் பாதை, கீழே அரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கல், கல்லெல்லாம் பாசி. நன்றாக நீந்துகிறவரும் அந்தக் கல்லில் ஏறிக் கரை சேருவது பெரும்பாடு, அலை தூக்கி அடிக்கும். கல்லில் படுத்துக்கொண்டு கயிற்றை விடுகிற ஒருவர், பாய்கிற மூன்று வீரர்களை விடப் பிரயோசனம். மழைக்குப் பிறகு கால்வாய் வாய்ப்பக்கம் எப்படித் தள்ளும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

மணல் கரையில் வேறு பிரச்சினை. ரிப் கரண்ட் என்று பயிற்சியில் சொல்கிறோம். கரையில் நிற்பவர்கள் "கடல் இழுக்குது" என்பார்கள். அலை உடைந்து கரைக்கு வந்த தண்ணீர் ஒரு இடத்தால் ஒடுங்கித் திரும்பி வெளியே ஓடுகிறது. அந்த இடத்தில் அலை அவ்வளவாக உடையாது. இரண்டு பக்கமும் நுரை, நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரிக் கலங்கிய அமைதி. குளிக்க வருகிற குடும்பம் "இங்கேதான் அலை குறைவு" என்று பிள்ளைகளை இறக்குவது அந்த இடத்தில்தான். மாட்டுப்பட்டவர் கரையை நோக்கி நீந்திக் களைக்கிறார். மிதந்தபடி கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் விலகினால் அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்துவிடலாம். ஆளை எடுக்கத் தெரிந்த கான்ஸ்டபிளை விட, இந்த இடத்தைக் கண்டுபிடித்து விசில் ஊதத் தெரிந்த கான்ஸ்டபிள்தான் எனக்கு வேண்டும்.

தாழ்கிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்ற எண்ணத்தையும் கழற்ற வேண்டியிருக்கிறது. நியூயோர்க் கடற்கரையொன்றில் உயிர்காப்பாளராக இருந்த பிரான்செஸ்கோ பியா உண்மையான சம்பவங்களைப் படம் பிடித்து ஆராய்ந்து சொன்னது: மூச்சுக்கே நேரமில்லாதவருக்குக் கத்த நேரமில்லை. உடம்பு நெட்டுக்குத்தாக நிற்கும், தலை பின்னுக்குச் சாய்ந்திருக்கும், வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போகும், கைகள் இரண்டு பக்கமும் தண்ணீரை அமத்தும். 20 முதல் 60 விநாடி வரை இப்படி. தூரத்திலிருந்து பார்த்தால் சும்மா விளையாடுகிற மாதிரித்தான் இருக்கும்.

எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகிற காலமும் ஒத்துவராது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, கொழும்புக் கடல் குழம்பிக் கிடக்கும். அதற்கு நடுவில்தான் ஆடிவேல், ஆடி அமாவாசை, ஓகஸ்ட் விடுமுறை. அமாவாசைக்கு முகத்துவாரத்தில் வேட்டியோடும் சேலையோடும் வயதானவர்கள் அலைக்குள் நிற்பார்கள். நனைந்த சேலை காலைக் கட்டிப்போட்டால் முழங்காலளவுத் தண்ணீரிலேயே எழும்ப முடியாது. ஐ.நா. பொதுச்சபை 2021இல் ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. ஆடி பிறந்து ஒரு கிழமையில் வருகிற நாள், எங்களுக்கென்றே பார்த்துவைத்த மாதிரி. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அதே 2021இல் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போட்ட பொலிஸார் கடலுக்கு முதுகு காட்டி நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. தம்பி, மற்றப் பக்கம் திரும்பு என்று முன்பின் தெரியாத பொலிஸ்காரருக்கே சொல்லியிருக்கிறேன். வாங்கிக் கட்டியும் இருக்கிறேன்.

கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும் உயிர்காப்புத்தான், அதையும் சொல்ல வேண்டும். மகன் தாழ்கிறான் என்றால் தகப்பன் பாய்வார், அவருக்குப் பின்னால் சித்தப்பா பாய்வார். அவர்களை இறுக்கிப் பிடித்து நிறுத்துகிற வேலை இருக்கிறதே, அங்கேதான் தரையில் படித்த பிடி உதவும். மட்டக்களப்புப் பெடியனுக்கு இதைச் சொன்னபோது முதன்முறையாகச் சிரித்தான்.

ஆளைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு இன்னொரு சண்டை. வயிற்றை அமத்தித் தண்ணீர் எடுப்பது, காலில் தூக்கித் தலைகீழாகச் சுற்றுவது. கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் செய்யப் பார்ப்பார், வயதில் மூத்தவர் என்றால் தடுப்பதும் கஷ்டம். வயிற்றை அமத்தினால் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும், அவ்வளவுதான் நடக்கும். மூச்சில்லாவிட்டால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்றுக் கொடுக்க வேண்டும். ஐந்து தடவை என்கிறது ஐரோப்பிய வழிகாட்டல், அமெரிக்கர்கள் இரண்டு என்கிறார்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமத்தல், 2 மூச்சு, மாறி மாறி. வளர்ந்தவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம் அமத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். பொம்மையில் செய்யும்போது எல்லோருமே பயந்து மெதுவாக அமத்துகிறார்கள். விலா எலும்பு முறிந்தால் என்ன செய்வது என்று ஒரு பெண் கான்ஸ்டபிள் கேட்டாள். முறிந்தாலும் உயிரோடு இருந்தால்தானே பிள்ளை பிளாஸ்டர் பற்றி யோசிக்கலாம் என்றேன்.

"யாராவது அம்புலன்ஸுக்கு அடியுங்கோ" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னால் ஒருவரும் அடிக்க மாட்டார்கள், எல்லோரும் வீடியோ எடுப்பார்கள். ஒருவரைக் கை காட்ட வேண்டும். "நீலச் சேட் அண்ணா, 1990க்கு அடியுங்க, அடிச்சிட்டு எனக்குச் சொல்லுங்க." இதை வாய்விட்டுச் சொல்லிப் பழக்குகிறோம், வெட்கப்பட்டாலும் விடுவதில்லை.

கடைசியாக ஒன்று. இருமிக்கொண்டு எழும்பி உட்கார்ந்து "எனக்கு ஒண்டுமில்லை, நான் வீட்ட போறன்" என்கிறவரை விடக் கூடாது. தண்ணீர் மூச்சோடு உள்ளே போயிருந்தால் சில மணித்தியாலம் கழித்தும் மூச்சு மோசமாகலாம், வைத்தியர் பார்க்க வேண்டும். இங்கேயும் பழக்கதோஷம் வரும். பயிற்சியில் ஒருவர் ஆளைக் கரையில் கிடத்திவிட்டு, பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் என்று கேட்கத் தொடங்கிவிட்டார். சார்ஜன்ட் ஈரக் காக்கியோடு படுத்தபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.