விளிம்புக் கட்டையில் நாலு விரல் இடம்

“ஏனுங்ணா, கெட்டியாப் புடிச்சிருக்கிற வார்னிஷையும் எதுக்குங்க சுரண்டோணும்?”

படகுக்கு வார்னிஷ் அடிக்கச் சொன்ன தம்பி இப்படிக் கேட்டதில் தப்பு இல்லை. “சரிங்க தம்பி, நல்லா இருக்கிறதை விட்டுர்றேனுங்க” என்று நானும் சொல்லிவிட்டேன். ஆடி கழிந்து போய்ப் பார்த்தால், படகின் விளிம்புக் கட்டையில், முன்முனையில், வார்னிஷ் வெங்காயத் தோலாக எழும்பி நிற்கிறது.

பழைய வார்னிஷ் மொத்தத்தையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. மரத்தை விட்டு விலகாமல், தேன் நிறம் மாறாமல் இருந்தால் 220 நம்பர் உப்புத்தாளில் பளபளப்புப் போகத் தேய்த்து மேலே அடிக்கலாம். மரம் தெரிகிற இடத்தில் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து இறக்கி, அங்கே மட்டும் முதல் கோட்டிலிருந்து, அதாவது முதல் பூச்சிலிருந்து, தொடங்கினால் போதும். அப்படித்தான் செய்தேன். முதல் கோட்டுக்கு வார்னிஷும் டர்பன்டைனும் சரிபாதி, அது மரத்துக்குள் இறங்க வேண்டும். இரண்டாவதற்குக் கால் பங்கு டர்பன்டைன். அதற்கு மேல் அஞ்சு கோட்டு, கோட்டுக்கு ஒரு நாள், நடுவில் 320 தாள். மேசை நாற்காலிக்கு அடிக்கிற மெலமைன் பூச்சின் பக்கமே போகவில்லை. வெயிலில் மரம் அசையும்போது அது மரத்தோடு சேர்ந்து அசையாது, வெடித்துவிடும். துடுப்பில் கை பிடிக்கிற இடத்துக்கு மட்டும் ஒன்றும் அடிக்கவில்லை, அடித்தால் உள்ளங்கை கொப்புளித்துவிடும்.

பொள்ளாச்சிப் பக்கம் நேரம் பார்த்துத்தான் பிரஷ்ஷைத் தொட வேண்டும். காலை வெயில் ஏறும்போது அடித்தால் மரத் துளைக்குள் இருக்கிற காற்று சூடாகி விரிந்து குமிழ் விடும். இருட்டி அடித்தால் ஈரம் இறங்கி வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துப் போகும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டால் ஒரு கோட்டுகூடத் தூசியில்லாமல் காயாது. சித்திரையில், மூணு மணிக்கு மேல், கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடித்தேன். இதிலெல்லாம் குறை இருந்ததாகத் தோன்றவில்லை.

குறை இருந்தது முனையில், நாலு விரல் இடத்தில். பழைய வார்னிஷ் பிடித்திருக்கிறதா என்று நாணயத்தின் ஓரத்தால் கீறிப் பார்த்தது பலகையின் அகன்ற பக்கத்தில். அங்கே எப்போதும் நன்றாகத்தான் பிடிக்கும். கட்டை வெட்டுப்பட்ட முனையில் மர ரேகையின் வாய் திறந்திருக்கிறது. தண்ணீர் அந்த வழியாக உறிஞ்சப்பட்டு, வார்னிஷுக்கு அடியிலேயே ஊர்ந்து வரும். ஆனைமலைத் தேக்கு ஒரு காலத்தில் பம்பாய்க்குக் கப்பல் கட்டப் போன மரம். அதன் முனையையும் மூடாமல் விட்டால் இதே கதிதான்.

அந்த இடத்தில் ஒரு இரும்பு ஸ்க்ரூ. அதன் தலையைச் சுற்றிக் கடுகளவு கறுப்பு. இரும்பும் தண்ணீரும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் மை மாதிரிக் கறுக்கும் என்று எனக்குத் தெரியும். வார்னிஷுக்கு அடியில் கறுப்பு தெரிந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்றுதான் அர்த்தம். அன்றைக்கு நான் அதைப் பார்த்தேன். பழைய கறை என்று நினைத்தேனா, தம்பி சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டேனா, இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

லீவுக்கு விருந்தாளிகள் வர எட்டே நாள் இருந்தது. முழுவதும் சுரண்டவே மூணு நாள் போயிருக்கும். மிச்ச நாளில் வெறும் மரத்துக்கு நாலு கோட்டு ஏறியிருக்கும், மெலிசாக. அது ஒரு கோடையைக்கூடத் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம். அதனால் விட்டதே சரி என்று படுகிறது. ஆனால் அந்த நாலு விரல் இடத்தை மட்டும் சுரண்டி, ஸ்க்ரூவை மாற்ற அரை மணி நேரம் ஆகியிருக்காது.

“இந்த வாட்டி மொத்தமாச் சுரண்டிருங்ணா” என்கிறார் தம்பி. பலகையின் அகன்ற பக்கம் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது, அதைச் சுரண்டத் தேவையில்லை. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

முனையை மட்டும் முதலில் எடுத்தேன். பித்தளை ஸ்க்ரூ போட்டாயிற்று. கறை எடுக்கிற ஆக்சாலிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்துத் தடவி, நல்ல தண்ணீரில் மூணு தரம் கழுவிக் காயவிட்டிருக்கிறேன். கழுவாமல் தேய்த்தால் அந்தத் தூசி மூக்கை அறுத்துவிடும். கறுப்பு வெளிறியிருக்கிறது, போகவில்லை.