சைட்ரான்ஸ் பிராக்டிகலில் எலெக்ட்ரிக் கிட்டார்: டிஸ்டார்ஷனுக்கு முன்னும் பின்னும்

ரிசல்ட் வந்துவிட்டது. மியூசிக் புரொடக்‌ஷன் டிப்ளமோவின் கடைசி பிராக்டிகலில் நல்ல மார்க்கோடு பாஸ். இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. ‘சிந்தசைசரில் கிட்டார் சத்தத்தை எப்படிக் கொண்டுவந்தாய்?’ என்று ஜூனியர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பேப்பர் பற்றித் தெரிந்ததுதான்: 3 மணி நேரம், சைட்ரான்ஸ் (வேகமான, சைக்கடெலிக் வகை எலெக்ட்ரானிக் நடன இசை) பகுதி ஒன்று, நிஜ கிட்டார் கூடாது, சாம்பிள் கூடாது. ரிதம் கிட்டார் (தாளத்தோடு ஓடுவது), லீட் கிட்டார் (தனி மெட்டு வாசிப்பது) இரண்டையும் சிந்தசைசரிலிருந்தே எடுக்க வேண்டும். அப்புறம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு.

கிக் (டிரம் அடி), பேஸ் (அடிச்சத்தம்) பற்றி எழுதப் போவதில்லை. அதை வருஷம் முழுக்க நடத்துகிறார்கள். கிட்டாருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வகுப்பு, அதிலும் பாதி நேரம் பிரீசெட் (தயாராக வரும் ஒலி அமைப்பு) அறிமுகம். இன்ஃபெக்டட் மஷ்ரூம் மாதிரியான குழுக்கள் கிட்டாரை இந்த இசைக்குள் எவ்வளவு ஆழமாகக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று பார்த்தால், ஒரு வகுப்பு போதவே போதாது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கிட்டார் சத்தத்தை டிஸ்டார்ஷனில் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) தேடாதீர்கள். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்பதில்தான் கிட்டார் இருக்கிறது.

முதலில் பின்னால். நிஜ கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் உள்ள 12 அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். நாம் ‘கிட்டார்’ என்று அடையாளம் காணும் சத்தம் எல்லாமே அந்தச் சரிவைத் தாண்டி வந்ததுதான். சிந்தில் ஒரு சா வேவ் (ரம்பப் பல் வடிவ அலை), அதன் மேல் கனமான டிஸ்டார்ஷன், அவ்வளவோடு விட்டால் தகர டப்பாவில் அடைத்த வண்டு மாதிரிதான் கேட்கும். பின்னால் ஒரு கேபினெட் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்து வைத்த கோப்பு) போடுங்கள். எங்கள் தேர்வு ஹாலில் அதை அனுமதித்தார்கள். உங்களுக்கு அனுமதி இல்லையென்றால், 5 கிலோஹெர்ட்ஸில் செங்குத்தான லோ-பாஸ் (அதற்கு மேலுள்ளதை வெட்டும் ஃபில்டர்), 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸில் சின்ன மேடு, 400 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் பள்ளம். முக்கால்வாசி வந்துவிடும்.

இப்போது முன்னால். டிஸ்டார்ஷனுக்குள் அடிச்சத்தம் நிறையப் போனால் வெளியே கூழாகத்தான் வரும். அதனால் 100-150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை-பாஸ் ஃபில்டரால் குறைத்து, 700 ஹெர்ட்ஸ் சுற்றுப்புறத்தைத் தூக்கி அனுப்புங்கள். ராக் கிட்டார்காரர்கள் ஆம்புக்கு முன்னால் ஓவர்டிரைவ் பெடல் வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வைவாவில் என்னை மடக்கிய இடமும் இதுதான். எக்ஸாமினர் என் செயினை (ஒலி கடந்து போகும் எஃபெக்ட் வரிசையை) ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, “ஏம்மா, முன்னாடியே ஹை-பாஸ் போட்டிருக்கியே, பின்னாடி எதுக்கு இன்னொண்ணு?” என்றார்.

“சார், பவர் கார்டு வாசிக்கிறேன். ஈ 82.4 ஹெர்ட்ஸ், அதுக்கு மேல பி 123.5 ஹெர்ட்ஸ். ரெண்டும் சேர்ந்து டிஸ்டார்ஷனுக்குள்ள போனா வித்தியாசம் தனி சுரமா வெளியே வரும், 41 ஹெர்ட்ஸ் கிட்ட. அது கீழ் ஸ்தாயி ஈ. பேஸ் உட்கார்ந்திருக்கிற இடம் சார்.”

அவர் எதுவும் சொல்லாமல் பின்னாலிருந்த ஹை-பாஸை ஆஃப் செய்து ஓடவிட்டார். கிக்கும் பேஸும் உடனே மங்கிப்போயின. ஆன் செய்தார், திரும்பி வந்தன. தலையை ஆட்டிவிட்டு அடுத்த டிராக்குக்குப் போய்விட்டார். இந்த ஒரு பதிலை வார்த்தை வார்த்தையாக மனப்பாடம் செய்யாமல், உங்கள் செஷனில் செய்து பார்த்துக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். முன்னால் எவ்வளவு வெட்டினாலும் டிஸ்டார்ஷன் அதைப் புதிதாக உண்டாக்கிவிடும். பின்னால் வெட்டினால்தான் போகும்.

இதிலிருந்தே இன்னொன்று: சில சிந்த்களில் டிரைவ் (உள்ளேயே இருக்கும் டிஸ்டார்ஷன்) ஒவ்வொரு வாய்ஸுக்கும் (ஒவ்வொரு சுரத்துக்கும் சிந்த் ஒதுக்கும் ஒலிக்கு) தனித்தனியாக வேலை செய்யும். அப்படியானால் இரண்டு சுரங்களும் ஒன்றையொன்று தொடவே தொடாது. பவர் கார்டின் உறுமல் வராது. வாய்ஸ்கள் எல்லாம் சேர்ந்த பிறகே டிஸ்டார்ஷன் வர வேண்டும். கிட்டாரில் ஆறு கம்பிக்கும் ஒரே ஆம்ப்தானே.

ரிதத்துக்கு நான் வைத்தவை:

- பல்ஸ் வேவ் (செவ்வக வடிவ அலை), 20 சதவீத அகலம். கம்பியின் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் மீட்டினால் 5, 10, 15-ஆவது ஹார்மோனிக்குகள் விழுந்துவிடும். 20 சதவீத பல்ஸிலும் அதே ஹார்மோனிக்குகள்தான் விழும். சா வேவை விட இது கம்பிக்கு நெருக்கம்.
- ஆரம்பத்தில் சில மில்லிசெகண்ட் நாய்ஸ். பிளெக்ட்ரம் உரசும் சத்தம்.
- பிட்ச் என்வலப் (நேரத்தோடு சுருதியை மாற்றும் அமைப்பு), 15 சென்ட் (100 சென்ட் ஒரு செமிடோன்) மேலிருந்து சட்டென்று இறங்கும்படி.
- பாம் மியூட்டுக்கு (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிப்பது) ஃபில்டர் என்வலப். 145 பிபிஎம்மில் பதினாறில் ஒரு பங்கு நோட் 103 மில்லிசெகண்ட். டிகே (சத்தம் தேயும் நேரம்) 80 மில்லிசெகண்டைத் தாண்டினால் அடுத்த நோட்டோடு ஒட்டிக்கொள்ளும்.
- கிக் விழும் இடத்தில் கிட்டார் வேண்டாம்.
- இடது, வலது இரண்டையும் தனித்தனியாகக் கீபோர்டில் வாசியுங்கள், குவான்டைஸ் (நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு நேராக நகர்த்துவது) வேண்டாம். ஒரே டிராக்கைக் காப்பி எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அது மோனோதான். பல்ஸ் அகலத்தையும் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என மாற்றுங்கள்.

நேரமில்லாதவர்கள் ரிதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். லீடுதான் எனக்கு உயிர்.

சாலிகிராமத்தில் எங்கள் தெருவில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கும் அண்ணா ஒருவர் இருக்கிறார். அவரிடம் கிட்டார் கற்கப் போகவில்லை. அவருடைய இடது கையைப் பார்க்கப் போனேன். மூன்றாம் விரல் கம்பியை மேலே தள்ளும்போது பின்னால் இரண்டு விரல்கள் முட்டுக்கொடுத்தன. சுரம் முதலில் மெதுவாக நகர்ந்து, அப்புறம் வேகமெடுத்து, போய்ச் சேரும் இடத்தில் ஒரு கணம் தயங்கியது. “இதே மாதிரி கீழே இறக்க முடியுமா அண்ணா?” என்று கேட்டேன். “கம்பியைத் தள்ளினா சுருதி ஏறத்தான் செய்யும்மா. இறங்கணும்னா முன்னாடியே தள்ளி வெச்சுக்கிட்டு மீட்டணும்” என்றார்.

லீட் புரோகிராமிங் முழுக்க அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. பிட்ச் பெண்ட் வரம்பை 2 செமிடோனில் வையுங்கள். கீபோர்டில் உள்ள பிட்ச் வீலை மேலே மட்டும் தள்ளுங்கள். கீழே இறங்குவது எப்போதும் திரும்பி வருவதாகவே இருக்கட்டும். வைப்ரேட்டோவும் அப்படியே: எல்எஃப்ஓ (சுருதியை ஆட்டும் மெதுவான அலை) சுரத்துக்கு மேலும் கீழும் ஆடினால் பாடகர் குரல் மாதிரி ஆகிவிடும், சுரத்திலிருந்து மேலே மட்டும் ஆடினால் விரல் தெரியும். டிரெமலோ பார் (கம்பிகளைத் தளர்த்தும் கைப்பிடி) உள்ள கிட்டாரில் கீழேயும் போகலாம், ஆனால் அதைப் பிரேக்டவுன் (கிக் நின்று இசை அடங்கும் பகுதி) முடிவில் ஒரே ஒரு முறை வைத்தால் போதும். பெண்டை மவுஸால் நேர்கோடாக வரையாதீர்கள். வீலில் கை வைத்து ரெக்கார்ட் செய்யுங்கள். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு எந்த வளைவு உயிருள்ளது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் கமகம் வாசித்ததைக் கேட்ட ஊர் இது.

சைக்கடெலிக் பக்கத்துக்கு அவசரமாகச் சில எஃபெக்ட்கள்: வா-வா டிஸ்டார்ஷனுக்கு முன்னால், டிலே கேபினெட்டுக்குப் பின்னால், டிலே நேரம் புள்ளி வைத்த எட்டில் ஒரு பங்கு (145-இல் 310 மில்லிசெகண்ட்). ஃபேஸரை முன்னாலும் பின்னாலும் வைத்துப் பார்த்து எது பிடிக்கிறதோ அது. ரிவெர்ப் குறைவாக.

எல்லாரும் மாதிரித் தேர்வு எழுதி எழுதிப் பழகச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவராது. ஒரு பெண்டை ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்கிற ஆள் நான். நீங்களும் அப்படியென்றால், பிரீசெட் ஃபோல்டரை மூடிவிட்டு வெற்று பேட்சிலிருந்து இந்தச் செயினைக் கட்டிக் கட்டிப் பழகுங்கள். கை தானாகப் போகிற அளவுக்கு வந்தால் தேர்வில் லீடுக்கு நேரம் மிஞ்சும்.

கடைசி 20 நிமிடம் பவுன்ஸுக்கு (இறுதி ஆடியோ கோப்பாக மாற்றுவதற்கு) ஒதுக்குங்கள். பவுன்ஸ் செய்ததை ஒருமுறை மோனோவில் கேளுங்கள், இடது-வலது கிட்டார் மறைகிறதா என்று. பிளக்-இன்களுக்குப் பெயர் மாற்றி ‘முன் ஹை-பாஸ்’, ‘பின் ஹை-பாஸ்’ என்று எழுதி வையுங்கள், வைவாவில் தேட வேண்டியிருக்காது. ஹெட்ஃபோனுக்குப் பெரிய ஜாக் அடாப்டர் ஹாலில் தர மாட்டார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் முந்தின வாரமே வாங்கி, கூட ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.