கார் பேஸ்: ஆம்பை மாற்றுவதற்கு முன்

காரில் பேஸ் (தாழ்ந்த, அதிரும் ஒலி) போதவில்லை என்று சொன்னால், இன்னும் பெரிய ஆம்ப் (ஸ்பீக்கருக்கு மின்சக்தி தரும் ஆம்ப்ளிஃபையர்) போடுங்கள் என்பதே பெரும்பாலும் கடையில் கிடைக்கும் முதல் பதில். கணக்கு அதற்கு ஒத்துவருவதில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஒலி இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்றவோ ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 300 வாட் ஆம்பைக் கழற்றிவிட்டு 600 வாட் ஆம்ப் வாங்குவதைவிட, இருக்கிற 300 வாட் எங்கே வீணாகிறது என்று தேடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

காசே செலவாகாத இடத்திலிருந்து தொடங்கலாம். முன் கதவு ஸ்பீக்கர்களும் டிக்கியில் பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரும் 80 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைச் சேர்ந்தே எழுப்புகின்றன; ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றொன்று இழுத்தால், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். சீரான பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, தள்ளுவதையும் இழுப்பதையும் திருப்பிப் போடும் ஆம்பின் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேட்டு, எது ஓங்கி ஒலிக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளலாம். சுவிட்ச் இல்லாத ஆம்ப் என்றால், அதை அணைத்துவிட்டு, சப்வூஃபர் பாக்ஸில் பிளஸ், மைனஸ் வயர்களை இடம் மாற்றினால் போதும். டிக்கியைத் திறந்து பக்கத்தில் நின்று பேஸை மதிப்பிடும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய உண்டு. மூடிய காருக்குள்தான் தாழ்ந்த ஒலிகள் வலுப்பெறும் என்பதால் அந்தத் தீர்ப்புக்கு மதிப்பில்லை. என் ஹேட்ச்பேக்கில், கோன் (சப்வூஃபரின் அதிரும் கூம்பு) பின் கதவைப் பார்க்கும்படி பாக்ஸைத் திருப்பி வைத்ததிலேயே பேஸ் நன்றாகக் கூடியது.

அடுத்தது வயர். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் இருக்கும். பாட்டு அதிரும் நேரத்தில் ஆம்பின் முனைகளிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கே 12-க்கும் கீழே இறங்கி, பேட்டரியில் மட்டும் 14 நிலைத்து நின்றால், குறை ஆம்பில் இல்லை. மலிவான கிட்களில் வரும் தடித்த வயரின் இழையைப் பிளேடால் சுரண்டினால், செம்பு நிறம் போய் வெள்ளையாக அலுமினியம் தெரிவது உண்டு. அதே தடிமனில் அது செம்பு அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் வயரையும் பெயின்ட் மேலேயே முடுக்கிவிடாமல், தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, அரை மீட்டருக்குள் இறுக்க வேண்டும். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இல்லாமல் எந்தப் பவர் வயரையும் இழுக்கக் கூடாது.

பாக்ஸைப் பொறுத்தவரை, அதே சப்வூஃபரைப் போர்ட் (காற்று போய்வரும் குழாய்த் துளை) வைத்த பாக்ஸில் போட்டால், போர்ட் டியூன் செய்யப்பட்ட ஒலியின் அருகே 3 டெசிபல் வரை கூடுதலாகக் கிடைக்கும். ஆம்பை இரட்டிப்பாக்குவதற்கு அது சமம். ஆனால் டியூன் செய்த அளவுக்குக் கீழே கோன் கட்டுப்பாடின்றி ஆடும் என்பதால் மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் அவசியம். மிருதங்கத்தின் தொப்பி ஒலி இழுபடாமல் நிற்க வேண்டும் என்பவர்கள் மூடிய பாக்ஸிலேயே இருந்துகொள்ளலாம்; நான் அந்தக் கட்சிதான். மூடிய பாக்ஸின் மூட்டுகளில் கை வைத்தால் காற்று உஸ்ஸென்று படக் கூடாது.

கடைசியாக, ஆம்பில் உள்ள கெயின் திருகு: வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதற்கானது, வால்யூம் அல்ல. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்டை அணைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, வால்யூமை முக்கால் அளவில் நிறுத்தி, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரால் அளந்தால், 4 ஓம் சப்வூஃபருக்கான 300 வாட்டுக்கு 34.6 ஏசி வோல்ட் வர வேண்டும். கெயினைத் திருகுவது அதோடு சரி. அதற்கு மேல் ஆம்ப் கிளிப் ஆகத் தொடங்கும் (ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும்), சப்வூஃபரின் காயில் கருகும்.

இவ்வளவுக்கும் பிறகு போதவில்லை என்றால், அதே சப்வூஃபர் இன்னொன்றைச் சேர்த்து, அதற்கும் தனியாக அதே அளவு வாட் கொடுத்தால் 6 டெசிபல் வரை ஏறும். வாங்குவதற்கு முன், இரண்டு பாக்ஸை வைத்த பிறகு ஸ்டெப்னியை வெளியே எடுக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.