சாராயத்தைத் தண்ணீரில் தேடாதீர்கள்

புட்டியில் இருந்தது ரெண்டே சீன எழுத்து. அதில் ஒன்றைக் காங்ஷி என்ற பழைய சீன அகராதியில் பிடிப்பதற்குள் நேற்று ரசம் ஆறி, அப்பளமும் நமுத்துப்போனது.

உச்சரிப்பு தெரியாவிட்டால் ‘புஷோ’தான் கதி. எழுத்துக்குள் இருக்கும் ஒரு உறுப்பு அது; பிரிவுக்குத் தலை என்று அர்த்தம். 1716இல் வந்த காங்ஷியில் 214 தலைகள். அவற்றின் கீழே குடித்தனம் 47,000க்கு மேல் எழுத்துகள். தலையை அடையாளம் கண்டு, அதன் கோடுகளை எண்ணி, அந்தப் பிரிவுக்குப் போகணும். பிறகு தலையைக் கழித்து, மிச்சக் கோடுகளை எண்ணி வரிசையில் தேடணும். சொல்றது சுலபம்.

இந்த எழுத்தின் இடப்பக்கம் மூன்று சொட்டு. தண்ணீர்! எழுதுவது மூன்று கோடு என்றாலும், காங்ஷியில் தண்ணீர் முழு உருவக் கணக்கில் நாலு கோட்டு வரிசையில்தான், 85ஆம் எண்ணில். முதல் பத்து நிமிஷம் அங்கே காலி. மிச்சம் ஏழு கோடு. ஏழில் இல்லை. எண்ணியதில் பிசகோ? மிச்சத்தில் ஒரு பெட்டி இருக்கு; பெட்டி என்றால் நாலு பக்கம், ஆனால் மேல்கோடும் வலக்கோடும் கையெடுக்காமல் மடங்குவதால் மூன்றே கோடு. சரி, எட்டு? அதிலும் இல்லை. ஆறு? ஊஹும்.

கடைசியில் அகப்பட்டது 164இல், மது ஜாடிக்குக் கீழே. ஜாடி ஏழு கோடு, மிச்சம் மூன்று. மிச்சம் என்று தள்ளியதுதான் தலையாம்! அர்த்தம் மது. அதே ஜாடிக்குள் காடியும் போதையும் குடியிருக்க, பழைய வடிவ ‘வைத்தியர்’ எழுத்தும் கூடவே உட்கார்ந்திருக்கிறார்.

வாசல் என்ற உறுப்பையும் நம்பாதீர்கள். வாசலுக்குள் வாய் இருந்தால் ‘கேள்’. அது வாய்க்குக் கீழே. வாசலுக்குள் காது இருந்தால் காதுக்குக் கீழே. ரெண்டிலும் வாசல் வெறும் ஓசைக்குத்தான். இடப்பக்கம் காது மாதிரி தொங்குவது மேடு, 170. அதே உரு வலப்பக்கம் தொங்கினால் ஊர், 163. நிஜக் காதோ 128. இப்போதைய சில அகராதிகள் இதற்கெல்லாம் ‘தேடக் கஷ்டமான எழுத்துகள்’ என்று தனிப் பட்டியலே போடுகின்றன. ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி!

புட்டியின் முதல் எழுத்து இன்னும் பாக்கி. இடப்பக்கம் அரிசி, 119. அங்கே இல்லை. வலப்பக்கம் அளக்கிற படி, 68. ஆமாம், அரிசியைப் படிக்குள்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். புட்டியின் ரெண்டு எழுத்தும் சேர்ந்தால் சமையல் மது.