நம்பர சொல்லிட்டு வாய மூடிக்கணும்

ரெண்டு வருஷம் போன் அடிச்சாலே எனக்கு வயித்த கலக்கும். தெரியாத நம்பர்னா எடுக்கவே மாட்டேன், தெரிஞ்ச நம்பர்னாலும் பாதி நாள் எடுக்க மாட்டேன். மொத்தம் மூணு கடன். ஒரு கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன், மூணாவது ஒரு பழைய கார்டு, அத பேங்க்காரன் எப்பவோ ஒரு கலெக்ஷன் கம்பெனிக்கு வித்துட்டான், வித்த விஷயமே அந்த கம்பெனிக்காரங்க கூப்பிட்டப்பதான் எனக்கு தெரியும். மூணையுமே முழுசா கட்டல. பேசி, கொறச்சு, ஒரே தொகையா குடுத்து முடிச்சேன். தெரிஞ்சவங்க எல்லாம் எப்படின்னு கேட்டுகிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்ல இருந்து சொல்றதுக்கு ஒரேடியா எழுதிடலாம்னு. எவ்ளோ கடன்னு சொல்ல மாட்டேன், கடன் நூறுன்னு வெச்சுக்கங்க, மத்ததெல்லாம் நூத்துக்கு எவ்ளோன்னு சொல்றேன்.

ஆரம்பத்துல நான் பண்ணதெல்லாம் கெஞ்சறதுதான். வேலை போனது, வீட்ல ஒருத்தருக்கு உடம்புக்கு முடியாம போனது, எல்லாத்தையும் கூப்பிடற ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒப்பிப்பேன். அவரு பொறுமையா கேப்பாரு, முடிச்சதும் "புரியுது சார், எப்ப கட்டறீங்க"ம்பாரு. மறுநாள் வேற ஒருத்தர் கூப்பிடுவாரு, மறுபடி முதல்ல இருந்து. ஒரு நாலஞ்சு பேர்கிட்ட அழுது தீத்தப்புறம்தான் உறைச்சது, அவங்களுக்கு என்கிட்ட இருந்து வேண்டியது ஒரு தொகை, ஒரு தேதி, அவ்ளோதான். நான் மனுஷன்கிட்ட பேசறதா நெனச்சுகிட்டு ஒரு கணக்கு புத்தகத்துகிட்ட பேசிட்டிருந்திருக்கேன். இத கோவத்துல சொல்லல, உண்மையில இது தெரிஞ்சப்புறம்தான் எனக்கு வெக்கமே விட்டுச்சு. அவன் எனக்கு தள்ளுபடி பண்றது இரக்கத்துல இல்ல, அவனுக்கு கட்டுபடியாகுதுன்னுதான். அப்ப நானும் கைய கட்டிகிட்டு நிக்க வேண்டியதில்ல.

அவங்க கணக்கு என்னன்னு பாத்தா, இந்தியாவுல ஒரு கடன் 90 நாள் கட்டாம போச்சுன்னா பேங்க் அத வாராக்கடன்னு எழுதணும், அதுக்குன்னு லாபத்துல இருந்து தனியா காசு ஒதுக்கி வெக்கணும். அமெரிக்காவுல கார்டு பாக்கி 180 நாள் தாண்டினா நஷ்டக் கணக்குல தள்ளிடணும். தள்ளிட்டான்னா கடன் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல (இத தப்பா புரிஞ்சுகிட்டு சந்தோஷப்பட்ட ஆள் நான்), அது அவன் புத்தகத்துல மட்டும்தான், நம்ம தலைல அப்படியேதான் இருக்கும். ஆனா அதுக்கப்புறம் அவனுக்கு வர்ற ஒவ்வொரு காசும் போனதுல திரும்பி வந்தது, அதனாலதான் லேட் ஆக ஆக பேச்சுக்கு எறங்கி வருவான். கலெக்ஷன் கம்பெனி கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்ப பாத்துக்கற அரசு அமைப்பு, ஃபெடரல் டிரேட் கமிஷன், 2013ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, பழைய கடன வாங்கற கம்பெனிங்க ஒரு டாலர் கடனுக்கு சராசரியா 4 சென்ட்தான் குடுத்து வாங்கியிருக்காங்க. நாலு குடுத்து வாங்கினவன்தான் உங்ககிட்ட நூறும் வேணும்னு குரல ஒசத்தறான்! அதுக்காக அஞ்சு குடுத்தா வாங்கிப்பான்னு நெனச்சுடாதீங்க, அவன் மூட்டையா வாங்கறான், அதுல முக்காவாசி பேர்கிட்ட ஒண்ணும் பேராது, கட்டற நாலு பேர்கிட்டதான் எல்லாத்தையும் எடுத்தாகணும்.

கதை சொல்லாதீங்கன்னு சொன்னேன், ஆனா பேப்பர் குடுங்க. ரெண்டும் வேற. வருமானம் இவ்ளோ, கட்டாய செலவு இவ்ளோ, மத்த கடன் இவ்ளோ, மிச்சம் இவ்ளோன்னு ஒரே பக்கத்துல எழுதி, வேலை போன லெட்டர், மருத்துவ பில்லு காப்பி சேத்து ஒரே ஒரு தடவ ஈமெயில்ல அனுப்பினேன். இவன்கிட்ட நூறு எந்த காலத்துலயும் வராதுன்னு அவன் மேலதிகாரிக்கு காட்ட அது அவனுக்கே தேவை. பர்சனல் லோன் விஷயத்துல நான் பேசினதெல்லாம் விட அந்த ஒரு பக்கம்தான் வேலை செஞ்சுது, நூத்துக்கு அறுபதுல முடிஞ்சுது. அதுக்கு மேல கொறைக்கவே முடியல, லோன் குடுத்தவனே கைல வெச்சிருந்தான், அவன் போட்டது முழுசு, நாலு பைசாவுக்கு வாங்கினவன் மாதிரி விட்டுக்குடுக்க மாட்டான்.

கார்டுலதான் ஒரு தடவ சொதப்பினேன். கைல காசே இல்லாம சும்மா கேட்டு பாப்போம்னு பேசினேன், அவங்க திடீர்னு நாப்பதுக்கு ஓகே, ஏழு நாள்ல கட்டுங்கன்னுட்டாங்க. எங்க போறது ஏழு நாள்ல? கெடு முடிஞ்சுது, ஆஃபர் போச்சு, அடுத்த மாசம் கேட்டா எழுபத்தஞ்சுங்கறாங்க, கேட்டா அப்ப இருந்த ஸ்கீம் வேற சார்னு பதில். அதுக்கப்புறம் காச தனியா ஒரு அக்கவுண்ட்ல (கடன் வாங்கின பேங்க்ல இல்லாம வேற பேங்க்ல, இல்லன்னா அவனே எடுத்துக்க வாய்ப்பிருக்கு) கொஞ்சம் கொஞ்சமா சேத்து, நாப்பத்தஞ்சு சேந்தப்புறம்தான் போன எடுத்தேன்.

அந்த கால் நல்லா ஞாபகம் இருக்கு. மாசக் கடைசி. "சார், என்கிட்ட ஒரு தொகை ரெடியா இருக்கு, ஒரே பேமென்ட், முப்பது." சொல்லிட்டு நிறுத்திட்டேன். இந்த எடத்துலதான் நான் எப்பவும் ஒளற ஆரம்பிப்பேன், இல்ல சார் நெலமை அப்படின்னு. இந்த தடவ நாக்க கடிச்சுகிட்டு உக்காந்திருந்தேன். அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் மட்டும் கேக்குது. ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு, அரை நிமிஷம்கூட இருக்காது. "எழுபது பண்ணுங்க சார், அப்ரூவல் வாங்கி தரேன்." "முப்பதுதான் சார் இருக்கு." மறுபடி கீபோர்டு. "மேனேஜர்கிட்ட கேட்டு சொல்றேன்." சாயங்காலம் கூப்பிட்டு ஐம்பதுன்னாரு, நான் முப்பத்தஞ்சுன்னேன், மறுநாள் மதியம் நாப்பத்திரண்டுல நின்னுச்சு. கைல இருக்கறது நாப்பத்தஞ்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லல, அத சொல்லியிருந்தா நாப்பத்தஞ்சுதான்.

சரி முடிஞ்சுதுன்னு லிங்க் அனுப்புங்கன்னு சொல்லப்போனேன், நல்லவேளை லெட்டர் கேட்டேன். லெட்டர் வந்துச்சு. லெட்டர்ஹெட், சீல், கையெழுத்து எல்லாம் பக்கா. மூணாவது வரில "மேற்படி தொகை பாக்கியில் ஒரு பகுதியாக வரவு வைக்கப்படும்"ங்கற அர்த்தத்துல ஒரு வாக்கியம்! அப்படின்னா நாப்பத்திரண்டு கட்டினப்புறமும் அம்பத்தெட்டு பாக்கி நிக்கும். போன் பண்ணா "அது ஃபார்மட் சார், ஒண்ணும் ஆகாது". ஃபார்மட்டா இருந்தா மாத்திக் குடுங்கன்னேன். நாலு நாள் ஆச்சு. மாத்தின லெட்டர்ல கார்டு நம்பர், தொகை, கடைசி தேதி, இது ஃபுல் அண்ட் ஃபைனல், மீதி பாக்கி தள்ளுபடி, இந்த பாக்கிய வேற யாருக்கும் விக்க மாட்டோம், கிரெடிட் பீரோவுக்கு (யாரு எப்படி கடன் கட்டறாங்கன்னு பதிவு வெச்சிருக்கற கம்பெனி) இன்ன மாதிரி ரிப்போர்ட் பண்ணுவோம்னு எல்லாமே வரி வரியா இருந்துச்சு. அப்புறம்தான் கட்டினேன், அதுவும் அவங்க கம்பெனி பேர்ல இருக்கற அக்கவுண்ட்டுக்கு, என் பேங்க்ல இருந்து. ஏஜென்ட்டோட சொந்த நம்பருக்கு ஒரு ரூபா அனுப்பாதீங்க.

இது சந்தேகப் பேர்வழித்தனம் இல்ல. 1602ல இங்கிலாந்துல பின்னல்ங்கறவரோட வழக்குன்னு ஒண்ணு, அதுல சொன்னது என்னன்னா கொறஞ்ச தொகைய கட்டி அதிக கடன முழுசா அடைச்சதா ஆக்க முடியாது, ஆனா அதோட ஒரு குதிரையோ பருந்தோ அங்கியோ குடுத்தா ஆகும். படிச்சுட்டு சிரிச்சேன். ஆனா 1884ல ஃபோக்ஸ்னு ஒரு டாக்டர் பீர்ங்கற பேருள்ள ஒரு அம்மாவுக்கு கடன்பட்டு, நான் கேஸ் போட மாட்டேன்னு அந்தம்மா ஒத்துகிட்டு எழுதிக் குடுத்து, தவணை தவணையா அசல் முழுசும் கட்டி முடிச்சாரு, அந்தம்மா அப்புறம் வட்டி கேட்டு கோர்ட்டுக்கு போச்சு, அப்ப அங்க உச்ச கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபையே வட்டிய குடுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, அதுல 63வது பிரிவு இதுக்கு நேரெதிர், ஐயாயிரம் கடனுக்கு ரெண்டாயிரத்த வாங்கிகிட்டு போதும்னு ஒத்துகிட்டா முழு கடனும் தீந்துச்சுன்னு உதாரணத்தோட போட்டிருக்கு. ஆனா ஒத்துகிட்டான்னு காட்ட நம்ம கைல என்ன இருக்கு? அதுக்குதான் லெட்டர்.

மூணாவது, அந்த வித்த கார்டு. அதுல பேரம் பேசறதுக்கு முன்னாடி கடைசியா எப்ப கட்டினேன்னு தேடினேன். கேஸ் போட ஒரு காலக்கெடு உண்டு, இந்தியாவுல மூணு வருஷம், இங்கிலாந்துல ஆறு. அந்த கெடு முடியறதுக்குள்ள ஒரு சின்ன தொகை கட்டினாலோ ஆமா கடன் இருக்குன்னு கையெழுத்து போட்டு எழுதிக் குடுத்தாலோ மீட்டர் மறுபடி சைபர்ல இருந்து ஓடும். அமெரிக்காவுல சில மாநிலத்துல கெடு முடிஞ்ச கடனுக்குகூட கொஞ்சம் காசு கட்டினா உயிர் வந்துடும். "நல்லெண்ணத்துக்கு ஒரு சின்ன அமவுண்ட் போடுங்க சார்"னு அவங்க ஏன் அவ்ளோ இனிமையா கேக்கறாங்கன்னு அப்ப புரிஞ்சுது. எனக்கு இன்னும் கெடு முடியல, ஆனா ரொம்ப நாளும் இல்ல, அது ரெண்டு பேருக்குமே தெரியும். இருபத்தஞ்சுல முடிஞ்சுது.

இதுக்கு வெலையும் இருக்கு, மறைக்கல. என் கிரெடிட் ரிப்போர்ட்ல மூணுமே க்ளோஸ்டுன்னு (முழுசா கட்டி முடிச்சது) இல்ல, செட்டில்டுன்னு (கொறச்சு கட்டி முடிச்சது) இருக்கு, லோன் குடுக்கறவன் கண்ணுக்கு அது மொதல்ல தெரியும். ரிசர்வ் பேங்க் 2023ல போட்ட விதிப்படி, இப்படி செட்டில் பண்ண ஆளுக்கு விவசாயக் கடன் தவிர மத்ததுல கொறஞ்சது 12 மாசம் கழிச்சுதான் அந்த பேங்க் திரும்ப கடன் குடுக்கலாம். அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு இன்னொரு தலைவலி, 600 டாலரோ அதுக்கு மேலயோ தள்ளுபடி ஆனா 1099-சி ஃபார்ம் வரும், தள்ளுபடி ஆனத வருமானம்னு வெச்சு வரி கேப்பான், சொத்த விட கடன் அதிகமா இருந்துச்சுன்னு 982 ஃபார்ம்ல காட்டினா தப்பிக்கலாம். முழுசா கட்ட வழி இருக்கறவங்க இந்த பக்கமே வராதீங்க, வட்டிய கொறைக்க சொல்லி தவணைய நீட்டினா போதும்.

நாங்க பேசி முடிச்சு தரோம்னு நடுவுல ஒரு கம்பெனியும் வந்தான், மொதல்ல ஃபீஸ் கட்டணும்னான், வெச்சுட்டேன். அமெரிக்காவுல போன்ல ஆள் பிடிக்கற இந்த மாதிரி கம்பெனிங்க ஒரு கடனாவது முடிச்சுக் குடுக்கறதுக்கு முன்னாடி ஃபீஸ் வாங்கவே கூடாதுன்னு 2010லயே விதி போட்டுட்டாங்க.

எல்லாம் முடிஞ்சு எட்டு மாசம் கழிச்சு ஒரு போன். அதே கார்டு, மீதி அம்பத்தெட்டு, இப்ப வட்டியோட. கை நடுங்குச்சு, பொய் சொல்லல. ஃபைல எடுத்துட்டு வந்து லெட்டர் நம்பர், தேதி, நாலாவது வரிய அப்படியே படிச்சேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல, இந்த தடவ பேசாம இருந்தது அவரு. காப்பி ஈமெயில்ல அனுப்புங்க சார்னாரு, அனுப்பினேன். அதுக்கப்புறம் அந்த நம்பர்ல இருந்து வரல. தெரியாத நம்பர மட்டும் இன்னும் எடுக்கறதில்ல, பழக்கமாயிடுச்சு.